ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் இடம்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
11.10.1992

அன்புள்ள பியற்றிஸ் அக்காவுக்கு,

மெற்றில்டா எழுதுகிறேன். நானும் அண்ணையும் சுகம். எனக்குத்தான் குளிருக்கு ஒரு காது அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால் நோ எப்படி? கொழும்பில், கொட்டாஞ்சேனை அறையில் இப்போதும் விடியற்காலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறதா?

அண்ணை சொல்லி இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர் எட்வேட். ஊர் பாசையூர். வயது முப்பது. பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு பேக்கரியில் இரவு ஷிப்ட் வேலை. முந்தி அண்ணையோடு பெற்றோல் நிலையத்தில் நின்றவர். நாங்கள் போகிற கோயிலுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவார். கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். படத்தில் முறைக்கிற மாதிரி இருக்கிறார், ஆனால் நேரில் அப்படி இல்லை. கடவுச்சீட்டுக்கு எடுத்த படமாம்.

அவருக்கு உங்களுடைய படத்தைக் காட்டியாகிவிட்டது. சம்மதம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் தவக்காலத்துக்கு முன்னம் ஒரு முடிவு சொன்னால் நல்லது என்று அண்ணை சொல்கிறார். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வருகிற பெப்ரவரி 24 ஆம் திகதி. அதோடு, நீங்கள் சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் அனுப்பட்டாம்.

நான் இப்போதும் தமிழ்க் கடையின் பின்னறையில் மிளகாய்த்தூளைப் பைகளில் போட்டு ஒட்டுகிறேன். முன்னுக்கு வந்து ஆட்களுக்குச் சாமான் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் எனக்குத் தமிழே மறந்துபோகிறது. பிறகு இங்கிலிஷ் எங்கே வரப்போகிறது?

எட்வேட்டை எல்லாரும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். கீழ் வீட்டில் இருக்கிற லூர்தம்மா அன்ரியும் அப்படித்தான் சொன்னா. வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கச்சி
மெற்றில்டா


கொழும்பு 13
4.11.1992

அன்புள்ள மெற்றி,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. அம்மா படத்தை மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறா. முழங்கால் பரவாயில்லை. காதுக்குள் எண்ணெய் விடாதே. அங்கே டொக்டர் காசு கேட்கமாட்டாராம், போய்க் காட்டு.

கடைசியில் "வேறு ஒன்றும் இல்லை" என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். சின்னனிலும் நீ எதையாவது ஒளித்தால் இரண்டு தரம்தான் சொல்வாய். கருவாட்டைப் பூனை தின்ற நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது பூனை இல்லை.

லூர்தம்மா அன்ரி வேறு என்ன சொன்னா? அதை எழுது. அண்ணையிடம் கேட்டுப் பயன் இல்லை. அவனுக்கு என்னைக் கரை சேர்க்க வேண்டும் என்ற அவசரம். அது பிழை இல்லை. ஆனால் எனக்கு அங்கே உன்னை விட்டால் வேறு கண் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவர் குடிக்கிறவரா?

மற்றது எதுவானாலும் நான் சமாளிப்பேன். இதை ஏலாது. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பல் தெரியச் சிரிக்க வராது என்று அண்ணைக்குச் சொல்.

அன்புடன்
அக்கா


ஃபாரஸ்ட் கேட்
22.11.1992

அன்புள்ள அக்காவுக்கு,

காது சுகம். டொக்டர் காசு கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரி.

நான் ஒளித்ததும் சரி. எழுதினால் நீங்கள் அந்த நிமிஷமே வேண்டாம் என்று விடுவீர்கள் என்று பயந்தேன். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பா என்றும் நினைத்தேன்.

லூர்தம்மா அன்ரி விதவை. பிள்ளைகள் இல்லை. கோயிலில் யார் யாரோடு கதைத்தார்கள் என்பது அவவுக்குத் தெரியாமல் இருக்காது. போன மாதம் மாடிப்படியில் என்னை மறித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "பிள்ளை, அந்தப் பெடியன் பூசை முடிஞ்ச கையோட பப்புக்குள்ள பூருறான். ஒவ்வொரு ஞாயிறும். நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாத."

பப் என்றால் இங்கத்தைய தவறணை, ஆட்கள் இருந்து குடிக்கிற இடம். கோயில் தெருவின் மூலையில் இருக்கிறது. வெளியே பலகையில் ஒரு வாத்துப் படம். கண்ணாடி பனிபோல் வெள்ளையாக இருக்கும், உள்ளே ஆட்கள் இருப்பது நிழலாகத்தான் தெரியும். நான் அந்தப் பக்கத்தால் போகமாட்டேன். எதிர்ப் பக்கத்தால்தான் போவேன்.

அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன். "லண்டனில ஆர்தான் போறேல்லை?" என்றார். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்தார்.

அவ்வளவுதான், அக்கா. இந்த முறை ஒரு தரம்தான் சொல்கிறேன்.

மெற்றில்டா


கொழும்பு 13
14.12.1992

அன்புள்ள மெற்றி,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். அம்மாவுக்கு இருமல், மருந்து எடுத்திருக்கிறோம். உனக்கும் அண்ணைக்கும் அம்மா பயத்தம் பணியாரம் செய்து ஒரு ஆளிடம் கொடுத்திருக்கிறா. வந்து சேருமோ தெரியாது.

நீ சொன்னதற்கு நன்றி. நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை.

அப்பா செத்தபோது உனக்குப் பத்து வயது. உனக்குச் சில விஷயம் தெரியும், சில தெரியாது. ஊரில் இருந்தபோது, பேசாலையில் கடற்கரைப் பக்கத்துத் தவறணைக்கு அப்பாவைக் கூப்பிடப் போகிறது என் வேலை. பொழுதுபட முன்னம் அம்மா என்னை அனுப்புவா. நான் உள்ளே போவதில்லை. கிடுகு வேலிக்கு வெளியே நின்று "அப்பா" என்று கூப்பிடுவேன். உள்ளே யாராவது சிரிப்பார்கள். அப்பா வெளியே வந்து, "நான் குடிக்கேல்லை, சும்மா கதைச்சுக்கொண்டு நிண்டனான்" என்பார். ஒவ்வொரு நாளும் அதே சொல். அரிசிப் பானைக்குள்ளும் வலைக் குவியலுக்குள்ளும் போத்தல் எடுத்திருக்கிறோம். அப்போதும் அது யாருடையதோ என்பார்.

எனக்கு இருபத்தாறு வயது. நான் ஒருமுறை வேண்டாம் என்றால் அம்மா இன்னொரு வருஷம் இந்த அறையில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவா. அதற்காக ஓம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லூர்தம்மா அன்ரியின் வாயை நம்பி வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற வேலை இல்லை. ஊர் என்றால் மாமாமார் யாராவது போய் விசாரித்து வருவார்கள். உனக்கு ஏலுமென்றால், அவர் எப்படிப் போகிறார், எப்படி வருகிறார் என்று பார்த்து எழுது. ஏலாவிட்டால் விடு.

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
10.1.1993

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் முதல் கடிதம். அம்மாவின் இருமல் விட்டுதா? பணியாரம் வந்து சேர்ந்தது. பாதி தூளாகிப்போனது, அண்ணை தூளைக் கரண்டியால் சாப்பிட்டார்.

இன்று பூசை முடிந்ததும் அண்ணை வேலைக்குப் போய்விட்டார். நான் பப்புக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் நின்றேன். எட்வேட் பன்னிரண்டு பத்துக்கு உள்ளே போனார். நான் நின்றேன். பஸ் வந்தது. நான் ஏறாமல் நின்றதால் சாரதி என்னைப் பார்த்தார், நான் சப்பாத்தைப் பார்த்தேன். இப்படி நாலு பஸ். கால்விரல் மரத்துவிட்டது.

ஒன்று ஐம்பதுக்கு வெளியே வந்தார். கழுத்துச் சால்வையைச் சரிசெய்தார். நேராக நடந்தார். தெருவைக் கடக்க முன்னம் இரண்டு பக்கமும் பார்த்தார். முகம் சிவந்திருக்கவில்லை, ஆனால் கறுத்த ஆளுக்கு எப்படித் தெரியும்? என்னைக் காணவில்லை என்று நினைக்கிறேன்.

நேராகத்தான் நடந்தார், அக்கா. அதைத்தான் சொல்ல ஏலும்.

மெற்றில்டா


கொழும்பு 13
27.1.1993

மெற்றி,

நாங்கள் சுகம். நீ குளிரில் நின்றது எனக்குச் சரியாகப்படவில்லை.

அப்பாவும் நேராகத்தான் நடப்பார். வீட்டு வாசல் மட்டும் நேராகத்தான் வருவார்.

வெளியே நின்றால் ஒன்றும் தெரியாது. நான் ஆறு வருஷம் வெளியே நின்றவள்.

போதும், விடு. நான் அண்ணைக்கு வேண்டாம் என்று எழுதப்போகிறேன். பெப்ரவரி நடுவில் எழுதினால் விபூதிப் புதனுக்கு முன்னம் கிடைக்கும். நீ கவலைப்படாதே, உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
8.2.1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்த முறை பிறகு வைக்கிறேன். நீங்கள் அண்ணைக்கு எழுதியிருக்காவிட்டால், இதை வாசிக்கும் மட்டும் எழுதாதீர்கள்.

நேற்று நான் உள்ளே போனேன்.

தனியே இல்லை. தனியே என்றால் செத்தாலும் போயிருக்க மாட்டேன். லூர்தம்மா அன்ரியின் கதவைத் தட்டி, "நீங்கள்தானே சொன்னனீங்கள், நீங்கள்தான் வரோணும்" என்று சொன்னேன். அதைச் சொல்ல மூன்று நாள் படியில் ஏறி இறங்கினேன். அன்ரி முதலில் நெஞ்சில் கை வைத்தா. பிறகு என்ன சேலை கட்டுகிறது என்று கேட்டா. அப்போதே எனக்குத் தெரிந்தது, அவவுக்கும் உள்ளே பார்க்க எவ்வளவு நாள் ஆசை என்று.

பூசை முடிந்து போனோம். பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியே சோக்கட்டியால் எழுதிய ஒரு பலகை. காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாடாம், அதற்குப் பிறஞ்ச் என்று பெயர். அன்ரி பட்டுச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, கைப்பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு வந்தா. நான் கதவைத் தள்ளினேன். அது இழுக்கிற கதவு.

உள்ளே நான் நினைத்த மாதிரி இல்லை. கம்பளம் விரித்திருந்தது. கிழவர்கள் பத்திரிகை வாசித்தார்கள். ஒரு தாய் தொட்டில் வண்டியை ஆட்டிக்கொண்டு முட்டை சாப்பிட்டா. புகை இருந்தது, பியர் மணம் இருந்தது. அந்த மணம் வந்ததும் நான் வாயால் மூச்சு விட்டேன். எட்வேட் இன்னும் வரவில்லை. நாங்கள் ஜன்னலோரம் வட்ட மேசையில் இருந்தோம்.

இருந்தோம், இருந்தோம். ஒருவரும் வரவில்லை.

சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கடந்து போனா. சிரித்தா. தட்டை வேறு மேசையில் வைத்தா. எங்களுக்குப் பிறகு வந்த ஆட்களுக்கெல்லாம் சாப்பாடு வந்தது. எங்களிடம் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது. அன்ரி என் காதுக்குள் சொன்னா: "எங்கட நிறத்தைப் பாத்திட்டுத்தான் விடுகினம். எழும்பு பிள்ளை, மானத்தோட போவம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நாட்டில் என்னை ஒருவரும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நான் எப்போதும் நினைத்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு இடத்தில் பட்டுச் சேலை கட்டிய ஒரு மனிசி இருக்க, அவவைக் காணாத மாதிரி விடுவது எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் எழும்பும்போது எட்வேட் எங்கள் முன்னால் நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. எங்களைக் கண்டு திகைத்த மாதிரித் தெரியவில்லை.

"அன்ரி, இருங்கோ. இஞ்ச ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம். நாங்கள்தான் அங்க போய்ச் சொல்லோணும்" என்று கவுண்டரைக் காட்டினார். "எல்லாருக்கும் அப்பிடித்தான். நானும் முதல்நாள் ஒரு மணித்தியாலம் இருந்தனான். பசியோட, கோவத்தோட வீட்ட போய், பிறகு ஒரு மாசம் இந்தப் பக்கம் வரேல்லை."

அன்ரி அவரைப் பார்த்தா, கவுண்டரைப் பார்த்தா. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி, பொல்லை ஊன்றிப் போய், தன் சாப்பாட்டைச் சொல்லிவிட்டு வருவதைப் பார்த்தா. பிறகு கோட்டைக் கழற்றினா. "அப்ப ஏன் அவள் எங்களைப் பாத்துச் சிரிச்சவள்?" என்றா. "சிரிக்கத்தான் சிரிச்சவ, அன்ரி" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து வந்ததால் மூக்கில் ஏறிவிட்டது.

அவர் எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். முட்டை, வாட்டிய பாண், தக்காளிக் குழம்பில் போட்ட அவரைக் கொட்டை, சொசேஜ். அன்ரிக்குத் தேத்தண்ணீர். அவர் தன் கிளாசோடு வந்து எங்கள் மேசையிலேயே இருந்தார். பெரிய கிளாஸ், நுரையோடு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எப்படிக் கேட்பது என்று முழுசிக்கொண்டிருக்க, அன்ரி முட்டையை வெட்டியபடி நேரே கேட்டுவிட்டா: "தம்பி, நீர் குடிக்கிறனீரோ?"

"ஓம் அன்ரி" என்றார். "ஞாயிற்றுக்கிழமையில ஒரு கிளாஸ். சிலநாள் ஒண்டரை. சனி இரவு ஷிப்ட் முடிஞ்சு நேரா பூசைக்கு வாறன். அறையில நாங்கள் ஆறுபேர், ஞாயிறு சமைக்கக் குசினி கிடைக்காது. கிழமைக்கு ஒருக்கா சுடச்சுட ஒரு தட்டு. அதோட இது."

குரலைத் தாழ்த்தவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவுமில்லை.

பிறகு பேக்கரிக் கதை சொன்னார். மெஷின் ஒரு தரம் பழுதாகி, பாண் எல்லாம் ஒரு பக்கம் வீங்கி வந்ததாம். சாப்பிட்டு முடிந்ததும் கோட்டை எடுத்தார். அக்கா, இதைக் கவனமாக வாசியுங்கள். அவருடைய கிளாசில் பாதி அப்படியே இருந்தது. பாதிக்கு இரண்டு விரல் குறைவு. நான் அளந்து பார்த்தேன்.

அன்ரியும் கண்டுவிட்டா. "தம்பி, மிச்சம் கிடக்கு" என்றா.

"சாப்பிட்டு முடிஞ்சுது அன்ரி. இனி அது என்னத்துக்கு?"

நித்திரை வருகிறது என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பெண் வந்து கிளாசை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மிச்சம் விட்ட கிளாஸ் ஒன்றை நாங்கள் யாராவது கண்டிருக்கிறோமா? நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள் முன்பல் கல்லில் விழுந்து உடைந்தது என்று எனக்குச் சின்னனில் சொன்னீர்கள். நான் அப்போதும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நான் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் எனக்குக் கோபம் இல்லை.

அம்மாவின் இருமல் எப்படி?

மெற்றில்டா


கொழும்பு 13
20.2.1993

அன்புள்ள மெற்றி,

இருமல் முற்றாக விட்டது. வேண்டாம் என்ற கடிதத்தை நான் போடவில்லை. இது உனக்குக் கிடைக்க முன்னமே அண்ணைக்கு என் தந்தி கிடைத்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று நீ அறிந்திருப்பாய். ஏன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீ அந்தக் கிளாசைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் விட்டவர் அடுத்த ஞாயிறு விடாமல் இருக்கலாம். நான் திரும்பத் திரும்ப வாசித்தது வேறு இடம். லூர்தம்மா அன்ரி கேட்டதும் "ஓம் அன்ரி" என்றார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம். நம் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் ஓம் என்ற பதில் வந்ததில்லை. இல்லை என்ற பதிலோடு அம்மா இருபது வருஷத்துக்கு மேல் இருந்தா. ஓம் என்று சொல்கிற ஆளோடு இருந்தால், எது உண்மை என்று தேடுகிற வேலையாவது இல்லை. பானைக்குள் கை விட்டுப் பார்க்கத் தேவையில்லை.

அம்மாவுக்கும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சொசேஜ் எண்டா என்ன?" என்றா.

நீ உள்ளே போனாய். நான் ஒருநாளும் போகவில்லை. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
14.3.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மிகவும் சுகம். தந்தி வந்த அன்று அண்ணை அதை மூன்று தரம் வாசித்தார். இரண்டு சொல்தான் இருந்தது.

பிறகு லூர்தம்மா அன்ரியின் வாயால் பப் கதை வெளியே வந்து, எனக்கு ஏச்சு விழுந்தது. "ஆரட்டக் கேட்டு அங்க போனனீ? ஆக்கள் கண்டா என்ன சொல்லுவினம்?" என்று அண்ணை சத்தம் போட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, அன்ரி பட்டுச் சேலையோடு அரை மணித்தியாலம் காத்திருந்ததைச் சொன்னபோது அவருக்கு வாய் கோணியது. கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். தானும் லண்டனுக்கு வந்த புதிதில் அப்படி இருந்துவிட்டு வந்தவராம். யாருக்கும் சொல்லவில்லையாம். எத்தனை தமிழ் ஆட்கள் இப்படி இருந்துவிட்டுக் கோபத்தோடு வீட்டுக்குப் போனார்களோ.

எட்வேட் அண்ணாவுக்கு எல்லாம் முதலே தெரியுமாம். போன ஞாயிறு கோயில் வாசலில், "மாப்பிள்ளை பாக்க வந்தவை எண்டு தெரியும். பஸ் தரிப்பில நாலு பஸ் விட்ட பிள்ளையையும் எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல் இருந்தது. "பிறகு ஏன் நடிக்கேல்லை?" என்று அண்ணை கேட்டார். "எத்தினை ஞாயிறுக்கு நடிக்கிறது?" என்றார்.

உங்களுடைய தாள்கள் எல்லாம் வக்கீலிடம் கொடுத்தாகிவிட்டது. விசா வர ஐந்து ஆறு மாதம் செல்லுமாம். மாதா துணை.

கடையில் இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் முன்னுக்கு நிற்கிறேன்.

மெற்றில்டா


ஃபாரஸ்ட் கேட்
24.10.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் சின்ன மகள் எழுதுகிறேன். சின்னம்மா வீட்டில் வசதியாக இருக்கிறீர்களா? முழங்காலுக்கு அனுப்பிய களிம்பு கிடைத்ததா? நாங்கள் மூன்று பேரும் சுகம். வருகிற மாதம் இருபதாம் திகதி கல்யாணத்துக்கு எல்லாம் ஒழுங்கு. அக்கா தன் கடிதத்தில் அதைப் பற்றி எழுதுவா. அவ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

அக்கா வந்து ஐந்து கிழமை. எட்வேட் அண்ணா முதல் ஞாயிறே, பூசை முடிந்ததும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா தலையிடி என்றா. அடுத்த ஞாயிறும் தலையிடி. மூன்றாம் ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. நாலாம் ஞாயிறும் கூப்பிடாமல், "நான் போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார். இன்று அவர் அப்படிச் சொன்னபோது அக்கா, "நானும் வாறன்" என்றா. என் கையை இறுக்கிப் பிடித்தா.

கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றா. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். பிறகு அவவாகவே கதவை இழுத்து உள்ளே போனா.

கோட்டைக் கழற்றவில்லை. வாசல் பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. தூரத்து மேசையில் ஒரு ஆள் பெரிதாகச் சிரித்தபோது அக்காவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. எட்வேட் அண்ணா கண்டார், காணாத மாதிரி எனக்கு உப்பைத் தந்தார். சாப்பாடு வந்தது. அக்கா முட்டையைச் சாப்பிட்டா, சொசேஜைத் தொடவில்லை. அவர் பியரைக் குடித்துக்கொண்டு தன் தாயைப் பற்றிச் சொன்னார். நான் கடையில் ஒரு வெள்ளைக்காரன் வெந்தயத்தை வாங்கி என்ன செய்வது என்று என்னிடம் கேட்டதைச் சொன்னேன். ஜன்னலால் வெயில் வந்தது. நாங்கள் கதைத்துக்கொண்டே இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், அக்கா சுவரில் தலை சாய்த்து நித்திரை.

கோட்டுப் போட்டபடி, வாய் கொஞ்சம் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. கைப்பை மடியிலிருந்து சரிந்து நிலத்தில் கிடந்தது. சுற்றிவர ஆம்பிளைகள் குடித்துக்கொண்டும் சத்தமாகக் கதைத்துக்கொண்டும் இருந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து படுத்து, மூச்சுச் சத்தம் ஒரே சீராகும் மட்டும் அக்கா கண்மூட மாட்டா. அவர் செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொழும்பிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். குடிக்கிற மனிதன் பக்கத்தில் இருக்க அக்கா நித்திரை கொண்டதை நான் கண்டதில்லை. நீங்களும் கண்டிருக்க மாட்டீர்கள்.

எட்வேட் அண்ணா கதிரையை அரக்காமல், அப்படியே அசையாமல் இருந்தார். மூன்று மணிக்குக் கிட்ட, பூட்டப்போகிறோம் என்று ஒரு மணி அடிப்பார்கள். இன்றும் அடித்தார்கள். பெரிய சத்தம். அக்கா எழும்பவில்லை. கிளாஸ் எடுக்க வந்த பெண் அவவைப் பார்த்துவிட்டு, எங்கள் மேசையைக் கடைசியாகத் துடைக்கலாம் என்று கையால் காட்டிவிட்டுப் போனா. நாங்கள் அவவை எழுப்பவில்லை, அம்மா. கதவைப் பூட்டும் மட்டும் விட்டோம்.

இங்கே ஒன்றுக்கும் பயமில்லை. நீங்களும் இனி எங்களை யோசித்துக்கொண்டு விழித்திருக்க வேண்டாம். செபமாலை சொல்லி முடிந்ததும் நேரத்தோடு படுங்கள்.

உங்கள் மகள்
மெற்றில்டா